மூலையில்லாத கூண்டு

"முன் காலை எடு!" என்று பயிற்சியாளர் மானோங் டெக்ஸ்டர் கத்தினார். நான் எடுப்பதற்குள் கெசியாவின் உதை என் இடது கெண்டைக்காலில் இறங்கியது.

அதே இடம். காலையிலிருந்து அதே இடம்தான். முதலில் சிவந்தது, பிறகு வீங்கியது, இப்போது தொட்டால் கல் மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நிலைக்கு வந்தேன். இடது கால் முன்னால், வலது கால் பின்னால், உடம்பு பக்கவாட்டில், எடை முன் காலில். பிலிப்பைன்ஸின் தெற்கே, எங்கள் ஊர் ஜெனரல் சாண்டோஸில் எட்டு வயதில் கற்றுக்கொண்ட குத்துச்சண்டை நிலை அது. அப்படி நின்றால் என் உடம்பில் குத்துவதற்கு எதிராளிக்கு இடமே கிடைக்காது. ஆனால் உதைக்க வருகிறவளுக்கு அந்த முன் காலைத் தட்டில் வைத்து நீட்டியது போல இருக்கும்.

கெசியா மறுபடி உதைத்தாள்.

"ஏய் பாக்சர், இந்தக் காலை எனக்கு எழுதிக் குடுத்துட்டியா? கேக்காமலே குடுக்கறே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சட்டென்று பதில் வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். விடை தெரிந்திருக்கும், எழுந்து நிற்பேன், வாய் மட்டும் திறக்காது. ஒன்பதாம் வகுப்போடு போவதை நிறுத்திக்கொண்டேன். குத்துச்சண்டை மேடையில் யாரும் என்னைப் பேசச் சொன்னதில்லை. அங்கே என் கால்கள் பேசின. வடக்கே, இந்த மலை நகரமான பாகியோவுக்கு வந்த பிறகு அவையும் ஊமையாகிவிட்டன.

நான் இங்கே விரும்பி வரவில்லை. எங்கள் ஊரில் ஆண்களின் குத்துச்சண்டையைப் பார்க்கக் கூட்டம் கூடும். பெண்களுக்கு எதிராளி கிடைப்பதே பாடு. எனக்கு ஏற்பாடான சண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்தி எடை குறையவில்லை, ஒருத்தி வரவேயில்லை. "சூரை மீன் டப்பா ஆலையில ஆள் எடுக்கறாங்க, உன் அக்கா ரெண்டு பேரும் அங்கதானே இருக்காங்க" என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள். அக்காக்களின் விரல்களில் மீன் வாடை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தச் சமயத்தில்தான் பாகியோவில் கூண்டுச் சண்டைக்குப் பெண்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எம்.எம்.ஏ. குத்தலாம், உதைக்கலாம், கவிழ்க்கலாம், தரையில் போட்டு அமுக்கலாம்.

எல்லோரும் மானோங், அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற டெக்ஸ்டர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "கீழ் ரூம்ல ஒரு கட்டில் இருக்கு. மூணு வேளை சோறு. காலையில மேட் எல்லாம் துடைச்சிடணும். முதல் சண்டை வரைக்கும்தான் இது. ஜெயிச்சா டீம்ல சேத்துக்கறேன். தோத்தா ஊருக்குக் கிளம்பிடணும். எனக்கு எல்லாரையும் வெச்சு சோறு போட முடியாது, இன்டாய்."

'இன்டாய்' என்றால் எங்கள் பக்கத்தில் 'பெண்ணே'. எனக்கு அப்போது உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. இவ்வளவு காலம் குத்துச்சண்டை போட்டவளுக்கு ஒரு சண்டை ஜெயிப்பது பெரிய விஷயமா என்று நினைத்தேன்.

முதல் தொல்லை செருப்பில்லாத கால். மேடையில் எப்போதும் ஷூ போட்டே ஆடியவள் நான். குத்தும்போது பின் பாதத்தின் முன்பகுதியை ஊன்றித் திருக வேண்டும், அப்போதுதான் இடுப்பு திரும்பும், கைக்கு வலு வரும். ஷூ போட்டிருந்தால் அது தரையில் வழுக்கிக்கொண்டு திரும்பும். இங்கே வெறும் பாதம் மேட் விரிப்பில் ஒட்டிக்கொண்டது. நான் திருகினேன், தோல் மட்டும் நின்றுவிட்டது. முதல் வாரமே இரண்டு பாதத்திலும் காசு அளவுக்குத் தோல் உரிந்து தொங்கியது. பாகியோவின் படிக்கட்டுகளில் குதிகாலால் இறங்கினேன்.

கெசியா அதைப் பார்த்துவிட்டு, "குழந்தைப் பாதம் வெச்சிட்டு சண்டை போட வந்திருக்கு பாரு. இவ காலை வித்தா மசாஜ் கடைக்காரன் வாங்கிப்பான்" என்றாள். அவள் பக்கத்து ஊரான லா டிரினிடாட்டில் காய்கறி லாரி ஓட்டுகிறவரின் மகள். என்னைவிட ஒரு எடைப் பிரிவு மேலே. சிறுவயதிலிருந்தே உதைத்துப் பழகியவள். அவளுடைய பாதத்தின் அடி செருப்பு அட்டை மாதிரி இருக்கும்.

இரண்டாவது தொல்லை குனிவது. முகத்தை நோக்கி வளைந்து வரும் குத்துக்கு அடியில் குனிந்து மறுபக்கம் எழுவது எனக்கு மூச்சு விடுவது போல. கெசியா குத்தினாள், நான் குனிந்தேன். என் மூக்குக்கு முன்னால் அவள் முழங்கால் வந்து நின்றது. கட்டை விரல் அளவுகூட இடைவெளி இல்லை.

"இது நிஜச் சண்டையா இருந்தா உன் மூக்கு இப்ப பின்மண்டையில இருக்கும். நன்றி சொல்லு."

"நன்றி" என்றேன்.

"அய்யோ, நிஜமாவே சொல்றா!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாவது, நிலை. பக்கவாட்டில் குறுகி நின்றால் காலைப் பிடித்துக் கவிழ்த்துவிடுவார்கள். ஆகவே இரண்டு காலையும் அகட்டி, நெஞ்சை எதிரே காட்டி நிற்க வேண்டும். துள்ளக்கூடாது. துள்ளும்போது பாதம் தரையை விடுகிற நேரம் பார்த்து உள்ளே பாய்வார்கள். எதிராளி என் காலுக்குப் பாய்ந்தால் இரண்டு காலையும் ஒரே சமயத்தில் பின்னால் வீசி, இடுப்பை அவள் முதுகின்மேல் போட வேண்டும். இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டுப் போவதா? ஊரில் அப்படிச் செய்திருந்தால் பிரம்படி விழுந்திருக்கும். சரி என்று அகட்டி நின்றேன். என் இடது கைக் குத்து எட்டவில்லை. நெஞ்சை நேரே காட்டினால் தோள் பின்னால் போகிறது, கை ஒரு சாண் குறைகிறது. எட்டுவதற்காக முன் காலை நீட்டினேன். உதை விழுந்தது.

"நீ குத்தவே வேண்டாம்" என்றார் மானோங் டெக்ஸ்டர். "நான் சொல்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு நட. காலை மட்டும் பாரு."

வாரக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு கூண்டைச் சுற்றி நடந்தேன். மற்றவர்கள் குத்தினார்கள், உருண்டார்கள், சிரித்தார்கள். நான் நாட்டியப் பள்ளிக்குப் போகிற வழியில் தவறி வந்தவள் போல பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தேன். நடக்கும்போதும் அவர் விடவில்லை. குறுக்கே வைக்காதே, எட்டு பெரிசு, எட்டு சின்னது, குதிகாலை எடுக்காதே, குதிகாலிலேயே நிக்காதே. ஒருநாள் என்னையும் மீறி வாய் திறந்துவிட்டது.

"எப்படி நின்னாலும் தப்புன்னா நான் எப்படித்தான் நிக்கறது, மானோங்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேசி அவர்கள் கேட்டதே குறைவு. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கால்களையே பார்த்தார்.

"தெரிஞ்சா நான் ஏன் கத்தப்போறேன்? இங்க வந்தவங்க எல்லாம் உதைக்கத் தெரிஞ்சு வந்தாங்க, இல்லைன்னா ஒண்ணுமே தெரியாம வந்தாங்க. பாக்சர்னு முழுசா ஒருத்தி வந்தது நீதான். உன் காலுக்கு நிறையத் தெரிஞ்சிருக்கு. அதான் பிரச்சனை."

அது ஆறுதலாக இல்லை. அன்று சோறும் கருவாடும் இறங்கவில்லை.

கெசியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தட்டிலிருந்த கருவாட்டை எடுத்துத் தின்றாள். "சாப்பாட்டு மேல ஏன் கோவத்தைக் காட்டறே? என் மேல காட்டு. நாளைக்கு நான் உதைக்கறப்ப காலைத் தூக்கி முழங்காலால வாங்கு. ஒரு தடவை என் கால் எலும்புல நல்லா பட்டுச்சுன்னா நானே அடுத்த தடவை யோசிப்பேன்."

"உனக்கு வலிக்குமே."

"அடிப்பாவி, அதுக்குத்தான் சொல்றேன்!"

மறுநாள் அவள் உதைத்தாள், நான் தூக்கினேன். அவள் கால் எலும்பு என் முழங்காலில் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டே என் அம்மாவைப் பற்றி என்னென்னவோ சொன்னாள். அதற்குப் பிறகு அவள் உதைப்பது பாதியாகக் குறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நான் எட்ட நிற்கவும், அங்கிருந்து ஒரே நீண்ட அடியில் உள்ளே போய்க் குத்திவிட்டு மறுபடி எட்ட வரவும் பழகினேன். பாய்ந்து வருகிறவளின் முதுகில் இடுப்பைப் போடவும் வந்தது. அழகாக இல்லை. ஆனால் விழவில்லை. சண்டைக்கு முந்தின வாரம் மானோங் டெக்ஸ்டர் எனக்குச் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், விழாமல் இருப்பது. "விழாம இரு. மூணு ரவுண்டும் நின்னுட்டே இருந்தா நீ பாயின்ட்ல ஜெயிச்சிடுவே."

லா டிரினிடாட்டில், கூடைப்பந்து ஆடுகிற கூரை போட்ட திடலில் கூண்டை நிறுத்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தகரக் கூரைமேல் மழை. எனக்கு எதிராக மணிலாவிலிருந்து ஷைரா என்று ஒருத்தி வந்திருந்தாள். தரைச் சண்டைக்காரி. கழுத்தைப் பிடித்தால் விடமாட்டாள் என்று கேள்வி. கதவைச் சாத்தும்போது கெசியா கம்பி வலைக்கு வெளியிலிருந்து, "பாக்சர், நீ ஜெயிச்சா எங்க அம்மா கோழி அடிக்கறாங்க. கோழியைப் பத்தி யோசிக்காதே, காலைப் பத்தி யோசி" என்றாள்.

முதல் சுற்று முழுவதும் காலைப் பற்றித்தான் யோசித்தேன். ஷைரா உதைத்தாள், தூக்கி வாங்கினேன். பாய்ந்தாள், இரண்டு காலையும் பின்னால் வீசினேன். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தாள். மறுபடி பாய்ந்தாள், மறுபடி வீசினேன். மணி அடித்ததும் முக்காலியில் உட்கார்ந்தபோது மானோங் டெக்ஸ்டர் முகத்தில் நான் பார்த்தேயிராத ஒரு சிரிப்பு இருந்தது.

"உன் கால் உன் பேச்சைக் கேக்குதுடி" என்றார். "இப்படியே போ."

இரண்டாவது சுற்றில் அவள் களைத்திருந்தாள். பாய்வதற்கு முன்னால் அவள் இடது தோள் தாழ்வதைப் பார்த்துவிட்டேன். தோள் தாழ்ந்தது. நான் ஒரு எட்டு பின்னால் போய், வலது பாதத்தை ஊன்றித் திருகி நேராகக் குத்தினேன். இந்த முறை தோல் ஒட்டவில்லை. பாதம் திரும்பியது, இடுப்பு திரும்பியது, கை போய்ச் சேர்ந்தது. சின்னக் கையுறை. அவள் தாடையின் எலும்பு என் விரல் முட்டியில் தெரிந்தது. ஷைரா மல்லாந்து விழுந்தாள்.

நான் திரும்பி நடந்தேன்.

குத்துச்சண்டையில் ஒரு விதி உண்டு. எதிராளி விழுந்துவிட்டால் குத்தியவள் அங்கே நிற்கக்கூடாது. தூரத்து மூலைக்குப் போய் நிற்க வேண்டும். அவள் போய் நின்ற பிறகுதான் நடுவர் எண்ண ஆரம்பிப்பார். போகாமல் நின்றால் எண்ணிக்கை நிற்கும், விழுந்தவளுக்குத்தான் லாபம். ஆகவே எங்கள் பயிற்சிக்கூடத்தில் முதலில் பழக்குவதே அதுதான். குத்து, விழுந்தாளா, உடனே திரும்பு, போ. மூளைக்குச் சொல்லி அனுப்புகிற வேலையே இல்லை. விழுகிற சத்தம் கேட்டால் கால் தானாகப் போகும்.

என் கால் போனது. எட்டுப் பக்கமுள்ள கூண்டில் மூலை ஏது? என் கால் எங்கேயோ ஒரு மடிப்பைக் கண்டுபிடித்து என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டு கையையும் கம்பி வலைமேல் போட்டுக்கொண்டு, முதுகைச் சாய்த்து, மூச்சு வாங்கினேன். கூட்டம் கத்தியது. எனக்காகத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். ஒன்று, இரண்டு என்று நடுவர் எண்ணுவதற்காகக் காத்திருந்தேன்.

நடுவர் எண்ணவில்லை. அவர் ஷைராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் குழப்பம். எனக்கு ஏதாவது அடிபட்டுவிட்டதா என்று பார்ப்பது போல இருந்தது. "ஜோவிலின்! ஜோவிலின்!" என்று யாரோ என் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். கெசியாவின் குரல் அது. அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை.

அப்போதுதான் புரிந்தது. இங்கே யாரும் எண்ணமாட்டார்கள். விழுந்தவள்மேல் போய் விழுந்து முடித்திருக்க வேண்டும்.

அதற்குள் ஷைரா முழங்காலில் எழுந்து, எழுந்த வேகத்திலேயே வந்தாள். நான் முதுகை வலையில் ஒட்டிக்கொண்டு, கையை விரித்து, நிற்கக்கூடாத இடத்தில், நிற்கக்கூடாத விதமாக நின்றிருந்தேன். காலைப் பின்னால் வீச இடமில்லை. பின்னால் வலை. அவள் இரண்டு தொடையையும் கட்டித் தூக்கிக் கீழே போட்டாள். பிறகு என் கழுத்தைச் சுற்றி அவள் கை வந்தது. காது அடைத்தது. அவள் முழங்கையைத் தட்டினேன். தோல்வியை ஒப்புக்கொள்வது இங்கே அப்படித்தான்.

உடை மாற்றும் அறையில் மானோங் டெக்ஸ்டர் என் கைக்கட்டை வெட்டிப் போட்டுவிட்டு வெளியே போனார். கெசியா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எங்கடி போனே?" என்றாள். "சொல்லு, எங்கதான் போனே? அவ தரையில மூட்டை மாதிரி கெடக்கறா. நீ ரோட்டுல ஜீப்னி வண்டிக்கு நிக்கற மாதிரி போய் நிக்கறே! நான் மழையிலயும் குளிர்லயும் உன் காலை உதைச்சு உதைச்சுப் பழக்கினது இதுக்குத்தானா?"

"மூலைக்குப் போனேன்."

"எந்த மூலைக்கு?"

விதியைச் சொன்னேன். துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது, கழுத்து வலித்தது. அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளை அங்கேயே ஒரு குத்து விடலாம் போலிருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல" என்றேன். "நான் விழாம இருக்க என்ன செய்யணும்னு எத்தனை விதமா சொன்னீங்க. அவ விழுந்தா என்ன செய்யணும்னு ஒருத்தராவது சொன்னீங்களா?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். ஷூ கயிற்றை விரலில் சுற்றினாள்.

"இல்ல" என்றாள். "ஏன்னா நீ யாரையாவது விழ வைப்பேன்னு நாங்க யாருமே நினைக்கலை."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். தோற்றதற்கு வராத அழுகை அதற்கு வந்தது.

மறுநாள் எல்லோர் போனிலும் அந்தக் காணொளி இருந்தது. நான் குத்துவதைவிட நான் நடப்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். யாரோ அதற்கு லிஃப்ட்டில் போடுகிற பாட்டைச் சேர்த்திருந்தார்கள். நான் வழக்கம்போல மேட் விரிப்பைத் துடைத்தேன். துடைத்து முடிக்கும்வரை மானோங் டெக்ஸ்டர் வாசலிலேயே காபியோடு நின்றார்.

"குத்து நல்ல குத்து" என்றார்.

நான் வாளியைக் கையில் தூக்கிக்கொண்டேன்.

"ஆனா சொன்னது சொன்னதுதான், இன்டாய். உனக்கு மட்டும் மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. கட்டிலுக்கு வேற ஒருத்தி வெள்ளிக்கிழமை வர்றா."

ஊரில் மீன் ஆலையின் சங்கு என் காதில் கேட்டது. வாய் வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. வாளியைக் கீழே வைத்தேன். இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் பேசப்போவதில்லை என்று தோன்றியது.

"கட்டில் வேண்டாம், மானோங். சோறும் வேண்டாம். கூண்டு காலியா இருக்கற நேரம் மட்டும் வந்துட்டுப் போறேன். என் கால் தோத்தது சரி. ஆனா நீங்க சொல்லிக்குடுத்த பாடத்துல அது தோக்கலை. சொல்லிக்குடுக்காத பாடத்துலதான் தோத்துது."

அவர் காபியைக் குடித்து முடித்தார். அவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"மத்தியானம் யாரும் இருக்கமாட்டாங்க" என்றார் கடைசியில். "டீம்ல சேத்துட்டேன்னு அர்த்தம் இல்ல."

"தெரியும்."

"எங்க தங்குவே?"

படியில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த கெசியாதான் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "எங்க வீட்டுல காரட் மூட்டை வெக்கற ரூம் இருக்கு. எங்க அம்மாவுக்குக் காரட் கழுவ ஆள் வேணும். ஆனா ராத்திரி குறட்டை விட்டா மூட்டையோட மூட்டையா லாரியில ஏத்திடுவேன்."

இப்போது விடியலில் தொட்டியில் காரட்டைக் கொட்டிக் காலால் மிதித்து மண் போகக் கழுவுகிறேன். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். மத்தியானம் கூண்டுக்குப் போகிறேன். கெசியா எதிரே நிற்பாள். நான் அவள் தாடையைத் தொடுவது போலக் குத்துவேன், அவள் தொப்பென்று விழுவாள்.

இன்றைக்கும் விழுந்தாள். நான் அவளை நோக்கிப் போயிருக்க வேண்டும். பாதி திரும்பிய பிறகுதான் தெரிந்தது, என் வலது கால் ஏற்கெனவே வலைப்பக்கம் கிளம்பிவிட்டது.

"போறா பாரு! போறா!" என்று கெசியா தரையில் கிடந்தபடியே கத்தினாள். "ஏன்டி, அங்க உனக்கு யாரு காத்திட்டிருக்கா?"

"சனியன் பிடிச்ச கால்" என்றேன். தொடையில் ஓங்கி ஒரு அடி போட்டேன். "இன்னொரு தடவை விழு."

"எனக்கு முதுகு போச்சு. நாளைக்கு."

"இன்னொரு தடவை."

அவள் முனகிக்கொண்டே எழுந்து, கையை உயர்த்தி, எதிரே வந்து நின்றாள்.